ஓட்டு வீட்டு ‘ஏதோ’வும் கிடுகு வீட்டு ‘ஏதோ’வும்

1980 ஓகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து. ஒரு செம்பு தண்ணீர்.

இந்த மூன்றையும் முதலில் எழுதிவிட்டேன். “நேரமும் தொகையும் சொல்லாமல் கதை தொடங்கினா உமக்கு மூச்சு அடைச்சுப் போடும் ஐசே” என்று நீர் பகிடி பண்ணுவீர். பகிடி சரிதான். எனக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது.

செம்பைத் தந்தவர் கல்வீட்டடி அக்கா. பச்சைக் கேற், மாபிள் போட்ட விறாந்தை, தெற்கில் கடை வைத்திருக்கும் புருஷன். இரண்டு வருடத்துக்கு முன் புங்குடுதீவில் வீடு வீடாகத் திரிந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் சோடா உடைத்துத் தந்தவர். இன்று புதுத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் என்னை ஒழுங்கையிலேயே மறித்துவிட்டார்.

“தம்பி, இண்டைக்குச் சோடா இல்லை. இந்தாரும், குடியும்.”

குடித்தேன். உப்பில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், “மற்றவர் எங்கை? உம்மோடை கொப்பியும் கையுமா வருவாரே, அந்த மெலிஞ்ச பிள்ளை?”

“செத்துப்போனார் அக்கா. தை மாதம்.”

“ஐயோ தம்பி, அப்பிடிப் பட்டெண்டு சொல்லுறதே!” என்றார். பிறகு என் கையிலிருந்த செம்பை வாங்கி, மறுபடி நிரப்பித் தந்தார். அது உமக்கானது என்று இருவருக்கும் விளங்கியது. அதையும் நானே குடித்தேன். வயிறு முட்டிப்போய் சைக்கிளில் ஏறினேன். குறிகட்டுவான் துறையில், நாங்கள் வழமையாக இருக்கும் தேத்தண்ணிக் கடையில் இருந்து இதை எழுதுகிறேன்.

என்னுடைய முதல் அட்டவணையின்படி அந்தத் தண்ணீர் அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கவே கூடாது. அது உமக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் கந்தோரில் எங்களுக்குத் தந்த வேலை சின்னது. ஊருக்கு வெளியே உள்ள நல்ல கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்க ஒரு பம்பு, ஒரு தொட்டி, மூன்று குழாய்: அவ்வளவுக்குத்தான் காசு இருந்தது. கேட்டதோ இரண்டு குறிச்சி. ஒன்று கல்வீட்டடி, முப்பத்துமூன்று வீடு. பெரும்பாலும் ஓடு, ஆம்பிளையள் தெற்கில் கடையில், மாதம் தவறாமல் மணியோடர். மற்றது வடலியடி, முப்பத்தெட்டு வீடு. பெரும்பாலும் தென்னோலைக் கிடுகுக் கூரை, தோட்டமும் பனையும். இரண்டும் கொண்டும் கொடுத்தும் வந்த சனம்தான். எந்தக் குறிச்சியில் வாழ்கிற திருப்தி குறைவு என்று வருகிறதோ, அதற்குத் தொட்டி; வருமானத்தையும் கேட்கச் சொன்னார்கள், தண்ணீரைப் பற்றிப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. அளந்து சொல்ல வேண்டியது நாங்கள். நான் மாதச் சம்பளக்காரன், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீர் நாட்சம்பளத்துக்கு எடுபட்டவர். திங்கட்கிழமைகளில் அனலைதீவிலிருந்து வள்ளம் ஏறி வருவீர், வெள்ளிக்கிழமை திரும்புவீர்.

முதல் நாள் ஊர்காவற்றுறைத் துறையில் படிவத்தைப் பழகிப் பார்க்க உம்மையே ஒரு வீட்டுக்காரராக வைத்து நான் கேட்டேன். ஒன்பதாம் கேள்வி, சென்ற மாத வருமானம். சொன்னீர். பதினாலாம் கேள்வி: ‘இவ்விடத்தில் வாழ்வது உமக்கு மகிழ்ச்சி தருகிறதா? மிக, ஓரளவு, இல்லை.’

“மகிழ்ச்சியோ?” என்று வாய்விட்டுச் சிரித்தீர். “அதைக் கலியாண வாழ்த்துமடலிலைதான் ஐசே கண்டனான். இப்பிடி வாயாலை ஆர் கேக்கிறது?”

“கதையை விட்டிட்டுப் பதிலைச் சொல்லும். எழுபத்தொரு வீடு கிடக்கு.”

“ஏதோ இருக்கிறன்.”

“எந்தப் பெட்டியிலை போட?”

“அது உம்முடைய பாடு.”

எனக்கு எரிச்சல் வந்தது. பெட்டியை வெறுமையாக விட்டுப் படிவத்தை மடித்து வைத்தேன். அந்தப் படிவம் இன்றைக்கும் என் பையில் இருக்கிறது.

பத்து நாளில் எழுபத்தொரு வீடும் முடித்தோம். நீர் கேட்டு, சனம் சொன்னதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதினீர். நான் பக்கத்தில் நின்று படிவத்தில் புள்ளடி போட்டேன். நீர் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டுக்குட்டி, பேரப்பிள்ளை, மூட்டுவலி எல்லாம் விசாரித்துக்கொண்டு நிற்பீர். நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். “உமக்கு முன்னாலை வண்டில் மாடு கட்டி வைச்சாலும் ‘கெதியாப் போ’ எண்டுதான் சொல்லுவீர்” என்று கல்வீட்டடி அக்காவுக்கு முன்னாலேயே என்னை நக்கலடித்தீர். அவர் சிரித்து, இன்னொரு சோடா உடைத்தார்.

பதினோராம் நாள் வரைபுத்தாளில் புள்ளி வைத்தேன். கீழே வருமானம், பக்கத்தில் மகிழ்ச்சி. புள்ளிகள் இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு வரிசையாக ஏறின. அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நேரான கோடு ஒன்றும் வந்ததில்லை. காசு கூடக் கூட சந்தோஷம் கூடுகிறது. நான் முதலே நினைத்திருந்ததும் அதுதான். தொட்டி வடலியடிக்கு. உமக்குக் காட்டாமலே அறிக்கையை அனுப்பிவிட்டேன். கெதியாக முடிக்கிறவன் என்று பெயர் எடுக்க வேண்டும் எனக்கு.

அன்று பின்னேரம், இதே கடையில், யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் உமக்குக் காட்டினேன். நீர் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி அந்தத் தாளைப் பார்த்தீர்.

“நேராத்தான் இருக்கு,” என்றீர்.

“பின்னை?”

“கீறினது நீர்தானே.”

“கோட்டைத்தான் நான் கீறினனான். புள்ளியைத் தந்தது சனம்.”

நீர் கொப்பியை எடுத்து விரித்து என் முன்னால் தள்ளினீர். உம்முடைய சாய்ந்த எழுத்து. பதினாலாம் கேள்விக்கு நேரே, வீடு வீடாக, பக்கம் பக்கமாக ஒரே பதில். ஏதோ இருக்கிறம். ஏதோ இருக்கிறம். ஏதோ இருக்கிறம். எழுபத்தொன்றில் அறுபத்தாறு வீடு அதைத்தான் சொல்லியிருந்தது. மிச்சம் ஐந்தில் மூன்று பேர் எங்களையே “நீங்கள் எப்பிடி?” என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

“ஓட்டு வீட்டு ‘ஏதோ’வுக்கு ‘மிக’ எண்டு போட்டிருக்கிறீர். கிடுகு வீட்டு ‘ஏதோ’வுக்கு ‘இல்லை’ எண்டு போட்டிருக்கிறீர். நீர் ஆரின்ரை வாயையும் பாக்கேல்லை ஐசே. கூரையைப் பாத்துப் புள்ளடி போட்டிருக்கிறீர்.”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கொப்பி முன்னால் கிடந்தது. நானும் இந்தப் பக்கத்தில் பிறந்தவன்தானே. நன்றாக இருக்கிறோம் என்று வாயால் சொன்னால் நாவூறு படும் என்று எங்கள் வீட்டிலும் சொல்லமாட்டார்கள். கஷ்டம் என்று சொன்னால் வெட்கம் என்று அதையும் சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஒளித்துக்கொள்ளத்தான் அந்த இரண்டு சொல். அது தெரிந்த நானே அதைப் பதில் என்று எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

நீர் அத்தோடு விடவில்லை. “ஓட்டு வீடுகளிலை எத்தினை சோடா குடிச்சனீர்?”

“அதை எண்ணேல்லை.”

“எல்லாத்தையும் எண்ணுற ஆள், அதை எண்ணேல்லை. நான் எண்ணினனான். பதினொண்டு. கிடுகு வீடுகளிலை?”

“தண்ணிதான் தந்தவை.”

“ஓட்டு வீட்டிலை ஒரு இடத்திலையாவது தண்ணி தந்தவையோ?”

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. நான் மண்கும்பான்காரன். எங்கள் மணலில் கையால் தோண்டினாலும் நல்ல தண்ணீர் வரும். தண்ணீர் கொடுக்க வெட்கப்படுகிற வீடு ஒன்று இருக்கும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. சோடாவைக் கண்டதும் வசதி என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை திரும்பப் போனோம். இந்த முறை நீர் ஒரே ஒரு கேள்வியோடு வந்தீர். அதை எங்கே வைத்து யோசித்தீரோ தெரியாது. வள்ளத்திலாக இருக்கும்.

கல்வீட்டடி அக்கா சோடாப் போத்தலை எடுக்க முதலே நான் சொல்லிவிட்டேன். “அக்கா, சோடா வேண்டாம். தண்ணி தாங்கோ.”

“ஏன் தம்பி, சோடா கசக்குதோ?”

“இல்லை. தண்ணிதான் வேணும்.”

அவர் முகம் மாறியது. “எங்கடை கிணத்துத் தண்ணியை உங்களாலை குடிக்க ஏலாது,” என்றார். நீர் மெல்ல, “ஒரு வாய் தாங்கோ அக்கா, நான் அனலைதீவான்தானே, பழக்கம்” என்றீர். தந்தார். நான் ஒரு மிடறு குடித்தேன். இரண்டாவது மிடறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. பால் விட்டால் திரைகிறது. பருப்பு அவியாது. சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கிறதுக்குப் பரலில் தண்ணீர் ஏற்றின வண்டில் இரண்டு நாளைக்கு ஒருக்கால் வருகிறது, வராத நாளில் அயலில் இரந்து வாங்குகிறது. புருஷன் திருவிழாவுக்கு வந்தால், மூன்றாம் நாளே வயிறு சரியில்லை என்று திரும்பிப் போகிறார். “மாபிளைக் கழுவினா அதிலையும் உப்புப் பூக்குது தம்பி” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் உம்முடைய கேள்வியைக் கேட்டீர். “மகளுக்குச் சீதன வீடு எங்கை அக்கா கட்டப் போறியள்?”

இதற்கு ‘ஏதோ’ என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நாவூறும் இல்லை, வெட்கமும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே வீட்டில் தொடங்குகிற பேச்சு அது.

“யாழ்ப்பாணத்திலை காணி பாத்திருக்கிறார்.”

“அப்ப இந்த வீடு?”

“பூட்டிக் கிடக்கட்டும்.”

பன்னிரண்டு வருடமாகத் தெற்கிலிருந்து காசு அனுப்பிக் கட்டிய வீடு. நான் எழுதாமல் நின்றேன். நீர் எழுதினீர்.

வடலியடியில் அதே கேள்விக்கு ஒரு தோட்டக்கார அண்ணை எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். “இதிலைதான், வேறை எங்கை? கிணறு இஞ்சைதானே கிடக்கு.” சின்னக் கிணறு, தேங்காய்த் தண்ணீர் மாதிரி. எனக்கு அது போதவில்லை. வேறு வழி இல்லாதவன் இங்கேதான் என்று சொல்வான், அது திருப்தியா என்று உம்மோடு வாதாடினேன். “அதுவும் சரிதான், அவரிட்டையே கேளும்” என்றீர். கேட்டேன்.

“அண்ணை, காசு இருந்தா?”

“காசு இருந்தா ஓடு போடுவன். மாரியிலை இந்த ஒழுங்கை முழங்கால் தண்ணி, ஒரு வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாது, அதுக்கு ஒரு மதகு போடுவன். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகமாட்டன், தம்பி.”

திரும்பும் வழியில் நான் பெரிய கண்டுபிடிப்புச் செய்தவன் போல, காசுக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். நீர் சைக்கிளை நிறுத்திவிட்டீர். “விசர்க்கதை கதையாதையும். அந்த அண்ணைக்குக் காசு இருந்தா ஓடு வரும், சந்தோஷம்தான். காசு வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? எனக்குத் தாரும் பாப்பம்! அக்காவிட்டைக் காசு இருக்கு, ஆனா தண்ணியை மணியோடரிலை அனுப்ப ஏலாது. அவ்வளவுதான் ஐசே.” நான் ஒரு கோட்டை அழித்துவிட்டு அடுத்த கோட்டைக் கீற நிற்கிறேன் என்று உமக்குத் தெரிந்திருந்தது.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம்.

முதல் அறிக்கை போய்விட்டது. அடுத்த மாதம் வடலியடியில், நல்ல கிணறு இருக்கிற இடத்தில், தொட்டிக்கு மண் வெட்டப் போகிறார்கள். புது அறிக்கையோடு கந்தோருக்குப் போனோம். என் மேலதிகாரியான பெரியவர் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இரண்டு கிழமைக்குள்ளை காசுக்காரர் எல்லாம் கவலைக்காரர் ஆகிட்டினமோ? கல்வீட்டடியிலை ஆரும் கைக்குள்ளை ஏதும் வைச்சவையோ?”

புள்ளடி போட்டது நான்தான், கூரையைப் பார்த்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வசனம். நான் அந்த நேரமும் கூரையைத்தான் பார்த்தேன். அஸ்பெஸ்டஸ் கூரை.

“சேர்,” என்றீர் நீர். “முதல் படிவத்திலை புள்ளடி போட்டது நான். கேள்வி விளங்காமல் பிழையாப் போட்டிட்டன். இவர்தான் பிழையைக் கண்டுபிடிச்சுத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனவர்.”

பெரியவர் உம்மைத்தான் மேலும் கீழும் பார்த்தார், சந்தேகத்தோடு. பிறகு அவரே கல்வீட்டடிக்கு வந்தார். அக்கா வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் குடித்தார், துப்பினார், கையெழுத்து வைத்தார். தொட்டி மாறியது. ஆனால் உம்மை மூன்று மாதம் வேலைக்குக் கூப்பிடவில்லை.

“ஏன் அப்பிடிச் சொன்னனீர்?” என்று வெளியே வந்ததும் கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“உம்முடைய பேரிலை போற கடதாசியைத்தான் நம்புவினம். உம்முடைய பேர் கெட்டா அக்காவுக்குத் தண்ணி இல்லை. என்ரை பேரிலை ஒரு கடதாசியும் போறேல்லை. கணக்குச் சரிதானே?”

கணக்குச் சரி. நான் அதை ஒத்துக்கொண்டேன். அதுதான் என் வெட்கம்.

அந்த மூன்று மாதமும் நீர் துறையில் மூட்டை ஏற்றினீர். பிறகு திரும்ப எடுத்தார்கள். ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டவில்லை. பழையபடி என்னை நக்கலடித்தீர், பழையபடி ஆட்டுக்குட்டிகளை விசாரித்தீர்.

தை மாதம் காய்ச்சலோடு வேலைக்கு வந்தீர். வேலைக்கு வராமல் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. மூன்றாம் நாள் காலை, கந்தோர் வாசலில், நான் சைக்கிளில் இருந்தபடியே கேட்டேன். “என்ன ஐசே, சுகமோ?”

“ஏதோ இருக்கிறன்.”

நான் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். எழுபத்தொரு வீட்டில் படித்ததை மறந்து, கெதியாகப் போக வேண்டும் என்று, அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அனலைதீவிலிருந்து உம்மை வள்ளத்தில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அந்த மூன்று மாதச் சம்பளம் கையில் இருந்திருந்தால் நீர் காய்ச்சலோடு வந்திருக்கமாட்டீர் என்று ஒரு நினைப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மூளை சொல்கிறது. அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு கீறிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

உமக்கு நன்றி சொல்லத்தான் தாளை எடுத்தேன். சொல்கிறேன். அந்தக் கொப்பிக்கு நன்றி. பதினொரு சோடாவை எண்ணியதற்கு நன்றி. சீதன வீட்டுக் கேள்விக்கு நன்றி. அதை இப்போது எந்தத் தீவுக்குப் போனாலும் முதல் கேள்வியாகக் கேட்கிறேன், ஒருவரும் ஒளிக்கிறதில்லை. நான் பிழை என்று என் முகத்துக்கு நேரே சொன்னதற்கும், மற்றவர் முன்னால் சொல்லாததற்கும் நன்றி. இன்று கல்வீட்டடியில் மூன்று குழாயிலும் தண்ணீர் வருகிறது. அக்கா யாழ்ப்பாணக் காணியைப் பற்றி இப்போது கதைக்கிறதில்லையாம். மகளுக்கு அந்த வீட்டுக் கிணற்றடியோடு ஓர் அறை இறக்கிக் கட்டப் போகிறாராம். “நான் அப்பவே சொன்னனான்தானே” என்று நீர் இருந்தால் சொல்லியிருக்கமாட்டீர். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு இருந்திருப்பீர்.

பஸ் வர இன்னும் இருபது நிமிடம். செய்யப்போவதை எழுதி முடிக்கிறேன்.

1. நாளைக்கு, புதன்கிழமை, பெரியவரிடம் கடதாசி கொடுப்பது: முதல் படிவங்களில் புள்ளடி போட்டவன் நான், நீர் அல்ல என்று. கையெழுத்தோடு. என் பெயர் கெட்டாலும் தண்ணீர் இனி நிற்காது. நீர் போட்ட கணக்கு முடிந்துவிட்டது.

2. அதன் பிரதி ஒன்றை அனலைதீவுக்குக் கொண்டுபோய் உம்முடைய தாயார் கையில் கொடுத்து, இருந்து வாசித்துக் காட்டுவது. அவசரப்படுவதில்லை. அடுத்த வள்ளத்தில் திரும்பினால் போதும்.

3. நாட்சம்பளக்காரருக்குக் காய்ச்சல் நாளுக்கும் சம்பளம் கேட்டு எழுதுவது. இல்லை என்று வரும். திரும்ப எழுதுவது.

4. வடலியடி ஒழுங்கைக்கு மதகு. அளவு எடுத்தாயிற்று. மாரிக்கு முதல் வரைபடம்.

5. உம்முடைய பழகு படிவத்தில் பதினாலாம் பெட்டியை வெறுமையாகவே விடுவது.

6. ஆராவது ‘ஏதோ இருக்கிறன்’ என்றால், சைக்கிளிலிருந்து இறங்குவது.